மழையில் ஒழுகாத கூரை, தைப் பனியில் சொட்டியது ஏன்?

இலங்கையின் மலையகத்தில், நானுஓயாவுக்கு அண்மையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள இந்த வீட்டுக்கு நான் முதன்முதலாக 2023 ஆகஸ்ட் மாதத்தில் அழைக்கப்பட்டேன். அதற்கு முன்பே கூரைக்கு இரண்டு தடவை தார் பூசப்பட்டிருந்தது; தகடுகளின் மூட்டுகள் எல்லாவற்றிலும் சிலிக்கோன் அடைக்கப்பட்டிருந்தது; பீலிகள் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. ஆனாலும் நடு அறையின் கட்டிலின் மேல் நீர் சொட்டுவது நிற்கவில்லை. 2020ஆம் ஆண்டு கூரையை மாற்றிய ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு முறையும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி, அதை அடைத்துவிட்டு, கூலியையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற டீமேக்கர், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் தயாரிப்பைக் கவனிப்பவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிற்சாலையில் கொழுந்தின் ஈரத்தோடு மல்லுக்கட்டியவர். வாசலிலேயே அவர் சொன்ன ஒரு செய்திதான் இந்த ஆய்வு முழுவதற்கும் திறவுகோலாக அமைந்தது. “தம்பி, ஆடி மாசம் அடை மழையில ஒரு சொட்டு விழாது. தை மாசம் வானம் தெளிஞ்சு, காலையில புல்லு வெள்ளையா இருக்கும் பாருங்க, அன்னைக்குத்தான் கட்டில் நனையும்” என்றார். மழைக்கு ஒழுகாத கூரை மழையில்லாத நாளில் ஒழுகுமானால், அந்த நீர் வெளியிலிருந்து வருவதாக இருக்க முடியாது. இதைத் தார் பூச வந்தவரிடமும் சொன்னாராம். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீடும் மச்சும்

வீடு பழையது, கருங்கல் அத்திவாரம், தடித்த சுவர்கள், உயர்ந்த கூரை. சீலிங்குக்கும் கூரைத் தகட்டுக்கும் இடைப்பட்ட வெளியை வீட்டார் மச்சு என்றே அழைக்கிறார்கள். இக்கட்டுரையிலும் அச்சொல்லையே பயன்படுத்துகிறேன். மச்சின் தளப்பரப்பு ஏறத்தாழ 90 சதுர மீற்றர். கைமரங்களும் சிலாகைகளும் பெரும்பாலும் யூக்கலிப்டஸ் மரம். மலையகத்தில் அதை டர்பன்டைன் என்றால்தான் தெரியும். முகட்டு வளை மட்டும் பழைய பலா மரம், அது இன்னும் கல்லைப் போல இருக்கிறது.

2020க்கு முன் இருந்த கூரை துருப்பிடித்த பழைய தகரம். அதன் கீழே லுனுமிதெல்லப் பலகையால் ஆன சீலிங் இருந்தது; பலகைகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளிகளும் இருந்தன. இரு பக்க முக்கோணச் சுவர்களிலும் மரச் சட்டங்களால் ஆன காற்றுக் கதவுகள் இருந்தன. குசினியில் விறகு அடுப்பு. அதன் புகைபோக்கி மச்சின் ஊடாகச் சென்று முகட்டுக்கு அருகில் வெளியேறியது. நாளெல்லாம் இளஞ்சூட்டோடு நின்ற அந்தச் செங்கல் தூண், யாரும் கேட்காமலே மச்சைக் காய வைத்துக்கொண்டிருந்தது.

புதுப்பித்தலின்போது இவை அனைத்தும் ஒரே மூச்சில் மாறின. அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள வர்ணத் தகடு போடப்பட்டது. பலகைச் சீலிங் அகற்றப்பட்டு, பி.வி.சி. பட்டைகள் பொருத்தப்பட்டன. எலியும் வௌவாலும் நுழைகின்றன என்று காற்றுக் கதவுகள் பிளைவூட்டால் அடைக்கப்பட்டன. இறவாரத்தின் அடிப்பகுதியும் மூடப்பட்டது. விறகு அடுப்பு போய் காஸ் அடுப்பு வந்தது. புகைபோக்கி தகட்டுக்குக் கீழேயே வெட்டப்பட்டு மூடப்பட்டது. குளியலறைக்குச் சுடுநீரும் எக்ஸோஸ்ட் விசிறியும் வந்தன. அந்த விசிறியின் குழாய் எங்கே முடிகிறது என்று யாரும் பார்க்கவில்லை. மச்சுக்குள் ஏறிப் பார்த்தபோது, சீலிங்குக்கு மேல் ஒரு முழ நீளத்தில் வாயைத் திறந்தபடி அது நின்றது.

முதல் வருகையில் கண்டவை

ஆகஸ்ட் மாதம் தென்மேல் பருவமழைக் காலம். அன்று காலை முழுவதும் சாரலும் மூடுபனியும்தான். மழையின்போதே மச்சில் இரண்டு மணி நேரம் இருந்து, டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு மூட்டையும் பார்த்தேன். தென்மேற்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்குரூ ஆணியின் ரப்பர் வொஷர் வெடித்திருந்தது. அதன் வழியாக ஒரு கோடு போல நீர் இறங்கியது. கட்டிலுக்கும் அந்த இடத்துக்கும் ஆறு மீற்றர் தூரம். வேறு ஒழுக்கு எதுவும் இல்லை.

ஒழுக்கினால் நனையும் மரத்துக்கும் ஒடுங்கிய நீராவியால் நனையும் மரத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியக்கூடியது. ஒழுக்கு ஓரிடத்தில் தொடங்கி, சரிவின் வழியே கீழ்நோக்கி ஒரு பாதையை வரைந்துவிடும். இங்கே அப்படியான பாதை இல்லை. மாறாக, மச்சு முழுவதும் தகட்டைத் தாங்கும் சிலாகைகளின் மேல்விளிம்புகள் ஒரே சீராகக் கறுத்திருந்தன. ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் ஒரு சதக் காசளவு கருவளையம் இருந்தது. ஈரத்தில் இரும்பும் டர்பன்டைன் மரத்திலுள்ள தனினும் சேர்ந்தால் உண்டாகும் மைக்கறை அது. குளியலறைக்கு மேலே இருந்த மூன்று கைமரங்களில் சாம்பல் தூவியது போன்ற பூஞ்சணம். அங்கே வைத்திருந்த தகரப் பெட்டியின் மூடியைத் திறந்தபோது, பழைய சேலைகளின் மடிப்பு வரைக்கும் அந்த வாடை ஏறியிருந்தது.

ஊசி முனை கொண்ட ஈரமானியால் மரங்களின் ஈரத்தை அளந்தேன். குளியலறைக்கு மேலே 27 முதல் 28 சதவீதம். முகட்டை ஒட்டிய சிலாகைகளில் 24. இறவாரத்தை ஒட்டிய கைமர நுனிகளில் 18 முதல் 19. மழையில் அதிகம் அடிபடும் இறவாரமே காய்ந்தும், மழை எட்டாத முகடு நனைந்தும் இருந்தது. வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே எழுந்து முகட்டில் தேங்குகிறது என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிட்டன.

டீமேக்கரின் ஐயம்

இந்த எண்களைக் கேட்ட வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “வாட்டின கொழுந்துலயே அம்பத்தஞ்சு இருக்கும் தம்பி, இருபத்தேழு ஒரு ஈரமா?” என்று கேட்டார். அவருடைய கேள்வி மிக நியாயமானது. பலரும், தொழில் தெரிந்தவர்களும்கூட, இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

தேயிலையின் ஈரத்தைச் சொல்லும்போது மொத்த நிறையில் நீர் எத்தனை பங்கு என்று கணக்கிடுகிறார்கள். மரத்தின் ஈரத்தையோ, முற்றாக உலர்ந்த மரத்தின் நிறையோடு நீரை ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். 100 கிராம் உலர்ந்த மரத்தில் 20 கிராம் நீர் இருந்தால் அது மரக் கணக்கில் 20 சதவீதம். தேயிலைக் கணக்கில் அதுவே 16.7 சதவீதம். அதேபோல, 75 சதவீத ஈரம் கொண்ட பச்சைக் கொழுந்தை மரக் கணக்கில் சொன்னால் 300 சதவீதம் என்று வரும். ஆகவே இரண்டு துறைகளின் எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கக் கூடாது.

அவருக்குக் காகிதத்தில் சொன்னதைவிடத் தராசில் காட்டியது எடுபட்டது. மூடிய புகைபோக்கியைச் சுற்றியிருந்த ஒரு பயனற்ற சிலாகைத் துண்டை அறுத்து, அதிலிருந்து விரல் தடிப்பில் சீவல்களை எடுத்தோம். நகைத் தராசில் நிறை 62 கிராம். வீட்டில் நத்தார் கேக் போடும் மின்சார அவனை 103 பாகை செல்சியஸில் வைத்து, மணிக்கொரு தடவை நிறுத்தோம். நிறை இனிக் குறையாது என்ற நிலை வந்தபோது தராசு 49 கிராம் காட்டியது. போன நீர் 13 கிராம்; 13ஐ 49ஆல் வகுத்தால் 26.5 சதவீதம். அதே துண்டில் ஈரமானி 25 காட்டியிருந்தது. கருவிகள் பொதுவாக 20 பாகைக்கே அளவீடு செய்யப்படுவதால், மலையகக் குளிரில் அவை ஒன்று குறைத்தே காட்டும். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தேயிலையின் ஈரத்தைப் பரிசோதிக்கும் முறையிலும் அதே 103 பாகைதான் என்பதைக் கவனித்தபோது வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வந்தது. அன்று முதல் அளவுகளை எழுதும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார்.

26 என்பது ஏன் கவலைக்குரியது? மர இழைகளின் சுவர்கள் ஏறத்தாழ 28 முதல் 30 சதவீதத்தில் நீரால் நிறைந்துவிடுகின்றன. அந்த எல்லையை அண்மித்த மரத்தில் உக்கலை உண்டாக்கும் காளான்கள் வேர்விடுகின்றன. ஒருமுறை வேர்விட்டால், அதைவிடக் குறைந்த ஈரத்திலும் அவை தொடர்ந்து வாழக்கூடியவை. அதனால்தான் கட்டட மரத்தை 20 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்ற பொதுவான எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. மேற்பரப்பில் படரும் பூஞ்சணம் வேறு. அது மரத்தின் வலிமையைத் தின்பதில்லை. ஆனால் காற்றின் சாரீரப்பதன் (அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) வாரக்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நின்றிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

தை மாதத்து அதிகாலை

காரணத்தை உறுதிசெய்வதற்கு, சொட்டும் இரவிலேயே மச்சில் இருக்க வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் ஒருநாள் மாலை அவர் தொலைபேசியில், “வானத்தில் ஒரு மேகம் இல்லை” என்று மட்டும் சொன்னார். இரவோடிரவாகப் போய்ச் சேர்ந்தேன்.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். இரண்டு சிறிய இலக்க ஈரப்பதமானிகளைக் கொண்டுபோயிருந்தேன். கடையில் வாங்கும் இத்தகைய கருவிகள் ஐந்து, ஆறு சதவீதம் பிழை காட்டுவது சாதாரணம். ஆகவே முதல்நாளே அவற்றை, ஈரமாக்கிய சமையலுப்பு நிரம்பிய ஒரு சிறு மூடியுடன் காற்றுப் புகாத போத்தலில் அடைத்து வைத்தேன். அந்த நிலையில் காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதமாக இருக்கும். கருவி காட்டியதற்கும் 75க்கும் இடையிலான வேறுபாட்டைக் குறித்துக்கொண்டால் போதும். டீமேக்கர் தம் பங்குக்குத் தொழிற்சாலைக் காலத்து ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானியைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். கொழுந்து வாட்டும் தட்டில் அந்த இரண்டு குமிழ்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்த்தே விசிறியைக் கூட்டிக் குறைத்தவர் அவர். அவருடைய கணக்குக்கும் என் கருவிக்கும் இரண்டு சதவீதமே வேறுபட்டது. தகட்டின் வெப்பநிலையை அகச்சிவப்புத் துப்பாக்கியால் அளந்தேன். பளபளப்பான உலோகத்தில் அது பொய்யான எண்ணைத் தரும் என்பதால், தகட்டின் உட்புறத்தில் கறுப்பு மின் டேப் துண்டுகளை ஒட்டி, அவற்றின் மேலேயே குறிபார்த்தேன். கொவிட் காலத்தில் நெற்றியில் பிடித்த துப்பாக்கி இதற்கு உதவாது; அது மனித உடலின் வெப்ப எல்லைக்குள் மட்டுமே பேசும்.

அதிகாலை நான்கு மணிக்கு வெளியே 7 பாகை, சாரீரப்பதன் 95 சதவீதம். மச்சினுள் 12 பாகை, 85 சதவீதம். தகட்டின் உட்புறம் 4 பாகை. வெளிக்காற்றைவிடத் தகடு மூன்று பாகை குளிர்ந்திருந்ததற்குக் காரணம், மேகமற்ற வானத்தை நோக்கி அது தன் வெப்பத்தை இரவு முழுவதும் கதிர்வீசி இழந்ததுதான். புல்லின் மேல் உறைபனி படிவதும், கொழுந்து கருகுவதும் இதே செயலால்தான்.

மச்சுக் காற்றின் பனிபடுநிலையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 9.6 பாகை வருகிறது. அந்த வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அக்காற்றிலுள்ள நீராவி நீராக ஒடுங்கும். 4 பாகைத் தகடு அதற்கு ஐந்து பாகைக்கு மேல் கீழே நின்றது. டோர்ச்சை மேலே திருப்பினோம். தகட்டின் அடிப்பக்கம் முழுவதும் வியர்த்த நெற்றி போல இருந்தது. சிலாகையைத் துளைத்துக்கொண்டு வந்த ஒவ்வோர் ஆணி முனையிலும் ஒரு துளி. ஒரு துளி பருத்து, பக்கத்துத் துளியோடு சேர்ந்து, தகட்டின் நெளிவுப் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு கீழே ஓடி, முதலில் எதிர்ப்பட்ட சிலாகையில் முட்டி நின்றது. நின்ற இடத்தில் மரம் அதைக் குடித்தது. குடிக்க முடியாதது பி.வி.சி. சீலிங்கின் மேல் விழுந்து, விளக்குத் துளை வழியாகக் கட்டிலை அடைந்தது. பத்திலொரு மில்லிமீற்றர் தடிப்புள்ள நீர்ப்படலம்கூட, 110 சதுர மீற்றர் கூரையில் 11 லீற்றர் நீராகும். பழைய பலகைச் சீலிங் இந்த நீரை உறிஞ்சிப் பகலில் விட்டுவிட்டிருக்கும்; பி.வி.சி. உறிஞ்சாது.

ஈரம் வந்த வழி

இந்த ஆய்வில் நான் மிக முக்கியமானதாகக் கருதுவது அடுத்து வரும் கணக்கைத்தான். சாரீரப்பதனை மட்டும் பார்த்திருந்தால், வெளியே 95, உள்ளே 85, ஆகவே வெளிக்காற்றே ஈரமானது என்று முடிவு செய்திருப்போம். சாளரங்களை இன்னும் இறுக மூடச் சொல்லியிருப்போம். ஆனால் ஒரு கன மீற்றர் காற்றில் உண்மையில் எத்தனை கிராம் நீராவி இருக்கிறது என்று பார்த்தால் படம் தலைகீழாகிறது. வெளியே 7.4 கிராம்; மச்சில் 9.1 கிராம். மச்சில் மேலதிகமாக உள்ள ஈரத்தை வானம் கொண்டுவரவில்லை, வீடுதான் கொடுத்திருக்கிறது.

வீடு அதை எங்கிருந்து கொடுத்தது? குளியலறைக் குழாய் முதல் குற்றவாளி. மாலையில் நால்வர் சுடுநீரில் குளிக்க, அந்த ஆவி முழுவதையும் விசிறி மச்சுக்குள் தள்ளியது. அடுத்தது குசினி. காஸ் எரியும்போது நீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு கிலோகிராம் சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீராவி வெளிவரும், 12.5 கிலோகிராம் சிலிண்டர் ஒன்று தீரும்போது கிட்டத்தட்ட 20 லீற்றர் நீர் வீட்டுக் காற்றில் கலந்திருக்கும். சோறும் தேநீரும் கொதிக்கும் ஆவி இதற்கு மேலதிகம். விறகிலும் நீராவி வந்தது. ஆனால் அதைப் புகைபோக்கி வெளியே கொண்டுபோனது. மூன்றாவது, உலரும் துணி. மழைக்காலத்தில் குசினியில் கொடி கட்டித் துணி போடாத வீடு மலையகத்தில் இல்லை.

இதற்கு ஒரு துணைச் சான்றும் கிடைத்தது. கூரை மாற்றிய பின் வந்த 2021 ஜனவரியில் கட்டில் நனைந்தது. 2022 தொடக்கத்தில் மிகக் குறைவாகவே நனைந்தது. 2023இல் மீண்டும் கடுமையாக நனைந்தது. 2022இல் என்ன நடந்தது என்று கேட்டபோது, வீட்டுக்கார அம்மாதான் நினைவுபடுத்தினார். நாடெங்கும் காஸ் தட்டுப்பாடு. அவர் பின்புறக் கொட்டிலில் விறகு மூட்டிச் சமைத்திருக்கிறார். அந்த ஆண்டின் இரவுகளில் மேகம் அதிகமாக இருந்திருக்கவும் கூடும் என்பதால், இதை நான் முடிவான சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஆகஸ்ட் மாத அளவுகளையும் இதே முறையில் மாற்றிப் பார்த்தேன். அப்போது வெளியே 16 பாகை, 95 சதவீதம், அதாவது 12.9 கிராம், மச்சில் 17 பாகை, 92 சதவீதம், 13.3 கிராம். வேறுபாடு அரை கிராம்கூட இல்லை. பருவமழைக் காலத்தில் எவ்வளவு காற்றோட்டம் கொடுத்தாலும் மரம் காயாது என்பதே இதன் பொருள். “மச்சுக்குக் காற்று விட்டால் சரியாகிவிடும்” என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட பிற்பகல்களுக்குப் பொருந்தும். ஜூன், ஜூலையில் பொருந்தாது. ஊவாப் பக்கத்தில், பண்டாரவளை, பதுளை போன்ற இடங்களில், இந்த நாட்காட்டியே மாறும். அங்கே வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் மச்சைத் திறப்பதில் பயனில்லை.

எந்த இலக்கை வைப்பது என்பதையும் இதுவே தீர்மானித்தது. மரம் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வரும்: 65 சதவீதச் சாரீரப்பதனில் ஏறத்தாழ 12 சதவீத ஈரத்திலும், 80இல் 16இலும், 90இல் 20க்குச் சற்று மேலேயும் நிற்கும். ஆண்டின் பெரும்பகுதியில் ஈரக்காற்று நிலவும் இந்த ஊரில் 12 சதவீத மரத்தை எதிர்பார்ப்பது வீண். 20க்குக் கீழே நிறுத்துவதும், பருவமழையில் ஓரிரு வாரங்கள் அதைத் தாண்டினால் பதறாமல் இருப்பதும்தான் நடைமுறை இலக்கு. ஈரமுறிஞ்சும் மின்கருவி ஒன்றை வாங்கலாமா என்று வீட்டுக்காரரின் மகன் கேட்டார். மூடப்படாத மச்சில் அது மலைக்காற்றையே உலர்த்த முயன்றுகொண்டிருக்கும். குளிரில் அதன் திறனும் குறையும். வேண்டாம் என்றேன்.

செய்த திருத்தங்கள்

2024 பெப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், வறண்ட வாரங்களைப் பார்த்து வேலையைத் தொடங்கினோம். வரிசை முக்கியமாக இருந்தது: முதலில் ஈரத்தை மூலத்திலேயே தடுப்பது, பிறகே காற்றோட்டம், அதன் பிறகே மரம்.

எக்ஸோஸ்ட் குழாயைச் சுவரைத் துளைத்து வெளியே கொண்டுபோனோம். குழாய்க்குள் ஒடுங்கும் நீர் திரும்பி வராதபடி வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக வைத்தோம். பழைய புகைபோக்கியை மீண்டும் திறந்து, முகட்டுக்கு மேலே உயர்த்தி, மழைத் தொப்பி போட்டு, காஸ் அடுப்புக்கு மேலே ஒரு தகரக் கூடாரம் பொருத்தி அதோடு இணைத்தோம். விளக்குத் துளைகளையும், மின்கம்பி நுழையும் ஓட்டைகளையும், மச்சுக்கு ஏறும் கதவின் விளிம்பையும் அடைத்தோம். அரை நாள் வேலை; செலவு மிகக் குறைவு. முழுத் திருத்தத்திலும் இதற்கு ஈடான பலன் தந்தது வேறெதுவும் இல்லை என்பது என் கணிப்பு.

காற்றோட்டத்துக்கு, வட அமெரிக்கக் கட்டட விதிகளில் உள்ள 150இல் ஒரு பங்கு என்ற அளவைத் தொடக்கமாக எடுத்தேன். 90 சதுர மீற்றர் மச்சுக்கு 0.6 சதுர மீற்றர் திறப்பு வேண்டும். பாதி இறவாரத்தில், பாதி முகட்டில். நுளம்பு வலையைப் போட்டால் திறப்பில் பெரும்பங்கு அடைபட்டுவிடும். ஆகவே வௌவால் நுழையாத அளவுக்குச் சற்றுப் பெரிய கண்ணுள்ள கம்பி வலையைப் பயன்படுத்தினோம். வடகிழக்குச் சுவரின் காற்றுக் கதவை முழுமையாகத் திறந்தோம். தென்மேற்குக் கதவைத் திறப்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. பருவமழையின்போது அந்தத் திசையிலிருந்து வருவது காற்று மட்டுமல்ல. சாரலும், நீர்த்துளிகளாகவே மிதக்கும் மூடுபனியும் வரும். அதற்கு மூடித் திறக்கும் பலகை ஒன்றைச் செய்து, மே முதல் செப்டெம்பர் வரை மூடி வைக்கும்படி ஏற்பாடு செய்தோம்.

இவையெல்லாம் செய்தாலும் தகடு வியர்ப்பது முற்றாக நிற்காது என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொன்னேன். அந்த ஜனவரி இரவின் வெளிக்காற்றின் பனிபடுநிலையே ஏறத்தாழ 6.3 பாகை, தகடு 4 பாகை. அதாவது வீட்டு ஈரம் துளியும் சேராத தூய மலைக்காற்றுகூட அந்தத் தகட்டில் சற்று ஒடுங்கவே செய்யும். இதற்காக, கட்டிலறைக்கும் குளியலறைக்கும் மேலேயுள்ள தகடுகளைக் கழற்றி, கீழே நுரையோடு கூடிய அலுமினியத் தாளை விரித்தோம். மேல்தாள் கீழ்த்தாளின் மீது ஒரு சாண் படியும்படியும், கடைசி நுனி பீலிக்குள் இறங்கும்படியும் விரித்ததால், சொட்டும் நீர் மரத்தைத் தொடாமல் வெளியேறும். முழுக் கூரைக்கும் செய்யப் பணம் போதவில்லை.

மரத்தைப் பொறுத்தவரை, ஈரமானியின் எண்ணைவிட ஸ்குரூட்ரைவர் முனையையே நான் அதிகம் நம்பினேன். முனையை இழையின் குறுக்கே குத்தி நெம்பினால், நல்ல மரம் நீண்ட சிலாம்பாக, சத்தத்தோடு உரியும். உக்கிய மரம் ரஸ்க் போலக் குறுகலாக, ஓசையின்றி உடையும். ஐந்து சிலாகைகளும், குளியலறைக்கு மேலிருந்த ஒரு கைமரத்தின் நுனியும் இரண்டாம் வகையில் சேர்ந்தன. மற்றவற்றின் கறுப்பு வெறும் கறை.

மாற்று மரம் வாங்குவதில் ஒரு சிக்கல் எழுந்தது. மர ஆலையில் கிடைத்த டர்பன்டைன் அன்று அறுத்தது. அறுத்த முகத்தில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. அதை அப்படியே ஏற்றினால் மச்சுக்குள் நாமே நீர் கொண்டுபோவதாகும். உலரும்போது முறுக்கிக்கொண்டு தகட்டின் ஆணிகளையும் பிடுங்கும். ஆசாரி பொறுமையற்றவர், “ஏத்திட்டா தானா காஞ்சுரும்” என்றார். ஐந்து வாரங்கள் இஸ்தோப்பில் (விறாந்தையில்) இடைக்குச்சி வைத்து அடுக்கி, 19 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே ஏற்றவிட்டேன். பழைய மரங்களின் கறுத்த முகங்களைத் தூரிகையால் தேய்த்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசினோம். போரன் உப்புகள் ஈரமான மரத்தில்தான் ஆழமாக ஊடுருவும் என்பதால், இங்கே ஈரம் ஒரு வகையில் உதவியது. ஆனால் இந்த உப்புகள் மின்னைக் கடத்துவதால், பூசிய இடத்தில் ஈரமானி அதன் பிறகு மிகைப்படுத்தியே காட்டும்; ஆகவே எட்டு இடங்களைப் பூசாமல் விட்டு, சோக்கட்டியால் வட்டமிட்டு, அளவெடுக்கும் புள்ளிகளாக ஒதுக்கினோம்.

அதன் பிறகு வந்த எண்கள்

ஒவ்வொரு ஞாயிறும் பிற்பகல் மூன்று மணிக்கு, காலைப் பனி மரத்தின் மேற்பரப்பிலிருந்து உலர்ந்த பிறகு, வீட்டுக்காரர் மச்சில் ஏறி அந்த எட்டு வட்டங்களிலும் ஊசியை இறக்குகிறார். தொழிற்சாலைப் பதிவேட்டைப் போலவே கோடு போட்ட கொப்பி. வெளிக்காற்று, மச்சுக் காற்று, எட்டுப் புள்ளிகள், கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி.

குளியலறைக்கு மேலே, திருத்தத்துக்கு முன் 29 வரை ஏறியிருந்த புள்ளி, 2024 ஏப்ரல் முடிவில் 20க்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் 21க்கு ஏறியது. அந்த ஏற்றம் எதிர்பார்த்ததே. 2025 ஜனவரியில் 18. கட்டில் அந்த மாதம் ஒருநாளும் நனையவில்லை. மூன்று பனிக் காலைகளில் பீலியின் வாயில் மழையின்றியே நீர் சொட்டியதை அவர் குறித்திருக்கிறார். அலுமினியத் தாளில் ஒடுங்கிய நீர் தனக்கு விதித்த வழியில் வெளியேறியிருக்கிறது.

தாள் விரிக்காத தென்கிழக்குச் சரிவில், முகட்டை ஒட்டிய ஏழாவது புள்ளி மட்டும் இன்னும் இறங்க மறுக்கிறது. 24இல் தொடங்கியது, 2025 மார்ச்சில் 21. ஜூலையில் மறுபடி 22. அந்தச் சரிவில் காலை வெயில் முதலில் விழுவதால் இரவில் ஒடுங்கிய நீர் விரைவில் உலரும் என்று நான் எண்ணியிருந்தது தவறாகிவிட்டது. எதிரே நிற்கும் சவுக்கு மரங்களின் நிழல் பத்து மணி வரை அங்கே விழுவதை ஆகஸ்டில் வந்த நான் கவனிக்கவில்லை. கிளைகளை வெட்டுவதா, அந்தப் பக்கத்துக்கும் தாள் விரிப்பதா என்பது அடுத்த பெப்ரவரிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கொப்பியின் குறிப்புப் பத்தியில் அந்தப் புள்ளிக்கு நேரே அவர் எழுதியிருப்பது: “7 – வாட்டம் போதாது.”